இங்கிலாந்தை நடுங்க வைத்த 'பேய்'!

1882-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. லண்டன் ஓவல் மைதானத்தில் சுமார் 20 ஆயிரம் பேர் கூடி இருந்தார்கள்.

டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தின் 2-வது நாள். ஆஸ்திரேலியாவை வெல்ல இங்கிலாந்துக்கு 85 ரன் போதும். அது ஒரு பெரிய காரியமா?

ஆனால், பந்தும் கையுமாக நின்றவர் ஸ்பாபோர்த்!

பாங்கி ஊழியர்

பிரெடரிக் ஸ்பாபோர்த் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரில் உள்ள பால்மெயின் பகுதியில் 1853-ம் ஆண்டு பிறந்தார். பாங்கியில் வேலை. 6 அடிக்கு மேல் உயரம். ஒல்லியான உடம்பு. அவர் கையைச் சுழற்றினால் பந்து வேகமாக வருமா, மெதுவாக வருமா என்று எவருக்கும் புரியாது.

மகா பிடிவாதக்காரர். 1877-ம் ஆண்டு நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். விக்கெட் கீப்பராக நண்பர் மர்டாக்தான் நிற்க வேண்டும் என்றார். அதற்கு இணங்காததால், அவர் ஆடவே இல்லை!

1878-ம் ஆண்டு லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், பேர்பெற்ற எம்.சி.சி. அணி ஒரே நாளில் 33 ரன்னிலும், 19 ரன்னிலும் சுருண்டது. 10 பேரை வீழ்த்தியவர் ஸ்பாபோர்த். 'பேய்' என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

மூண்டது கோபம்

ஓவலில் ஆஸ்திரேலியா முதலில் 63 ரன்னில் சுருண்டது. ஸ்பாபோர்த் 7 பேரை வீழ்த்தியும் இங்கிலாந்து 101 ரன் எடுத்துவிட்டது. 2-வது தடவை ஆடியபோது மாஸ்ஸி அடித்த 55 ரன்தான் மானத்தைக் காத்தது.

அப்போது ஒரு சம்பவம். ஜோன்ஸ் என்ற இளைஞர் ஒரு ரன்னை ஓடி முடித்தார். பந்து ஓய்ந்துவிட்டதாக நினைத்து, கோட்டுக்கு வெளியே வந்து தரையைத் தட்டிச் சமன் செய்தார். பந்தைக் கையில் வைத்திருந்த கிரேஸ், சட்டென்று விக்கெட்டைத் தட்டிவிட்டார். நடுவர் அவுட் கொடுத்தார்.

கிரேஸ் இங்கிலாந்தின் தாடிக்கார மேதை. அவர் செய்தது சட்டப்படி சரிதான். நியாயப்படி?

ஸ்பாபோர்த் கொதித்தார். 122 ரன்னில் ஆட்டம் முடிந்து தோழர்கள் சோர்ந்து இருந்தபோது, வெல்ல முடியும் என்று அடித்துச் சொன்னார்.

ஒரு ரன் தந்திரம்

15 ரன்னில் 2 பேரைச் சாய்த்தார். ஆனால் கிரேஸ் அசையவில்லை. 51 ரன் ஆகிவிட்டது. இன்னும் 34 ரன்தான்!

அங்கேதான் ஆட்டம் திரும்பியது. யூலியட்டை ஸ்பாபோர்த் வீழ்த்தினார். 53 ரன்னில், பாயிலின் பந்தில் கிரேசும் போனார்.

பிறகு ரன் வறண்டது. அந்தக் காலத்தில் ஓவருக்கு 4 பந்து. தொடர்ந்து 12 ஓவர்களில் ஒரு ரன்கூட இல்லை! ஆஸ்திரேலியர்கள் வேண்டுமென்றே ஒரு பந்தைத் தவறவிட்டு 1 ரன் கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? லிட்டில்டனை ஸ்பாபோர்த்தின் எதிரே கொண்டு வரத்தான்! சிறிது நேரத்தில் அவரது ஸ்டம்பு சாய்ந்தது.

கடைசி 11 ஓவர்களில் ஸ்பாபோர்த் கொடுத்தது 2 ரன். வீழ்த்தியது 4 பேரை. கடைசியாக வந்த பீட்டை பாயில் வீழ்த்தினார். சிறந்த ஆட்டக்காரரான ஸ்டட், ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மறுமுனையில் நின்றார்.

இங்கிலாந்து 77! ஆஸ்திரேலியாவுக்கு 7 ரன்னில் வெற்றி. இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஸ்பாபோர்த் வீழ்த்தியது 14 பேர்.

ஒரு லண்டன் பத்திரிகை கேலியாக மரண அறிவிப்பு வெளியிட்டது. இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டதாம். அதை எரித்து, சாம்பலை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போவார்களாம். இரு நாடுகளும் மோதும் டெஸ்ட் போட்டிகளுக்கு 'ஆஷஸ்' (சாம்பல்) என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

இங்கிலாந்தை அழ வைத்த ஸ்பாபோர்த், அந்த நாட்டுப் பெண்ணையே மணந்தார். 1888-ம் ஆண்டு அங்கேயே குடியேறினார். தேயிலைக் கம்பெனி டைரக்டராகி, நிறையப் பணம் சேர்த்தார். 1926-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, லண்டனை அடுத்த சர்ரே பகுதியில் 72-வது வயதில் காலமானார்.