பசியும் பவுண்டும்: லண்டனில் அண்ணல் செலுத்திய விலை

லண்டன் மாநகரின் பிரிம்ரோஸ் ஹில் பகுதியில் கிங் ஹென்றி சாலை என்றொரு தெரு உண்டு. அதில் 10ஆம் எண் வீட்டில் 1921-22ஆம் ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கர் மாணவராகத் தங்கியிருந்தார். 2015இல் மகாராட்டிர அரசு அவ்வீட்டை 30 லட்சம் பவுண்டுக்கும் மேலான விலை கொடுத்து வாங்கி நினைவில்லம் ஆக்கியது. அந்த விலையைக் கேட்டு வியக்கிற நாம், அதே வீட்டில் குடியிருந்த மாணவர் ஒரு துண்டு ரொட்டிக்கும் கணக்குப் பார்த்து வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அண்ணலின் பட்டங்களை நாம் மேடைதோறும் அடுக்கிச் சொல்கிறோம். அவற்றுக்கு ஆன செலவை யார், எப்படிக் கொடுத்தார்கள் என்று அரிதாகவே பேசுகிறோம். பேசும்போதும் அவருடைய பசியை ஒரு தவம்போலப் போற்றி, அவர் பட்டினி கிடந்து படித்தாரே, உன்னால் முடியாதா என்று இன்றைய மாணவரிடம் கேட்டுவிடுகிறோம். இக்கேள்வி நேர்மையானதுதானா? அதை அறிய அந்த லண்டன் ஆண்டுகளின் வரவு செலவை நாம் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

அண்ணல் 1891இல் மஹூ படைமுகாமில் பிறந்தவர். தந்தை ராம்ஜி படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் 1913 பிப்ரவரியில் மறைந்தபோது குடும்பத்துக்குச் சொத்தென்று சொல்ல ஏதுமில்லை. அவ்வாண்டு பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையே அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. மாதம் பதினொன்றரை பவுண்டு. அதில் ஒரு பகுதி வீட்டுக்குப் போனது. எஞ்சியதில் உணவும் உறைவிடமும் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூல்களும் அடங்கின. 1916இல் அவர் லண்டனுக்கு வந்து, லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் பயிற்சிக்குக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆனால் 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேற நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற இசைவை மட்டும் கையோடு பெற்றுக்கொண்டார். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலில் மூழ்கின.

உதவித்தொகை ஒப்பந்தப்படி அவர் பரோடா அரசில் பணியில் சேர்ந்தார். அங்கே நடந்தது நாம் அனைவரும் அறிந்ததே. கையில் பணம் இருந்தும் தலைசாய்க்க ஓர் அறை கிடைக்கவில்லை. நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து, பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினொன்றாம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும்கூடத் தம் வீட்டில் இடம் தர முன்வரவில்லை.

இந்த நிகழ்வை லண்டன் வாழ்க்கையோடு சேர்த்து வைத்தே நாம் பார்க்க வேண்டும். லண்டனில் ஓர் அறைக்கு விலை இருந்தது. அந்த விலை கடுமையானது. ஆயினும் அதைக் கொடுத்தால் அறை கிடைத்தது. பரோடாவிலோ எந்த விலை கொடுத்தாலும் அறை கிடைக்கவில்லை. லண்டனில் நிறவெறி இல்லாமலில்லை. இந்தியர் என்பதால் கதவைச் சாத்திய வீட்டுக்காரர்கள் அங்கும் இருந்தனர். எனினும் பணம் இருந்தால் வாழ்ந்துவிடலாம் என்கிற நிலையே தீண்டாமைக்கு உட்பட்ட ஒருவருக்குப் புதிய அனுபவமாக இருந்திருக்கும். அந்தப் பணத்தைத் திரட்டுவதே அவருடைய அடுத்த போராட்டமாயிற்று.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 450 ரூபாய். அக்காலத்தில் அது சிறிய தொகையன்று. ஆயினும் அவர் பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பிலேயே வாழ்ந்து, சம்பளத்தில் பெரும்பகுதியைச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடனாகத் தந்தார். சேமிப்பு, கொடை, கடன் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டு 1920 சூலையில் மீண்டும் கப்பலேறினார். செப்டம்பர் இறுதியில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படிப்பைத் தொடர்ந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த காலம் மிக மோசமான காலம். முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. 1914 சூலையில் 100 எனக் கொண்ட வாழ்க்கைச் செலவுக் குறியீடு 1920 நவம்பரில் 276ஐத் தொட்டது. போருக்கு முன் ஒரு பவுண்டுக்கு வாங்கியதை வாங்க இப்போது இரண்டே முக்கால் பவுண்டு தேவைப்பட்டது. அதன்பின் விலைகள் இறங்கத் தொடங்கினாலும், அதனுடன் வேலையின்மையும் வந்தது; 1921இல் வேலையற்றோர் தொகை 20 லட்சத்தைத் தாண்டியது.

இந்தியாவிலிருந்து ரூபாயைக் கொண்டு வாழ்ந்தவருக்கோ இன்னொரு இடி காத்திருந்தது. வெள்ளியின் விலையேற்றத்தால் 1920 தொடக்கத்தில் ஒரு ரூபாயின் மதிப்பு 2 ஷில்லிங்குக்கும் மேலே இருந்தது. அதை உயர்ந்த மதிப்பிலேயே நிறுத்த அரசு முயன்று தோற்றது. 1921இல் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழே விழுந்தது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அதாவது ரூபாய் 2 ஷில்லிங்காக இருந்தபோது 10 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு பவுண்டுக்கு இப்போது 15 ரூபாய்க்கும் மேல் கொடுக்க வேண்டும். ரொட்டியின் விலையும் வாடகையும் ஏறாமலே நின்றிருந்தாலும், பம்பாயிலிருந்து வரும் பணத்தை நம்பியிருந்த மாணவருக்குச் செலவு ஒன்றரை மடங்காகியிருக்கும்.

இந்தக் கணக்குகளின் நடுவில்தான் அவருடைய அன்றாடம் கழிந்தது. அவர் தங்கிய ஒரு விடுதியின் உரிமையாளர் அம்மையார் கடும் சிக்கனக்காரர் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதுகிறார். காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிதளவு மீன், ஒரு கோப்பை தேநீர். அதன்பின் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குப் போய்விடுவார். நண்பகல் உணவைப் பெரும்பாலும் விட்டுவிடுவார். அதனால் காசும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். மாலையில் நூலகம் மூடும்போதே எழுவார். பயணச் செலவை மிச்சப்படுத்த நடந்தே திரும்புவார். இரவு நெடுநேரம் படிக்கையில் பசி பொறுக்காது. தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளங்களைச் சுட்டுத் தின்று, ஒரு கோப்பை பால் குடித்து மீண்டும் படிப்பார்.

இதே நாட்களில் பம்பாயில் இன்னொருவரும் இதற்கான விலையைச் செலுத்திக்கொண்டிருந்தார். இரமாபாய் அம்மையார் மிகக் குறைந்த பணத்தில் குடும்பத்தை நடத்தினார். அவர்கள் பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர் என்பதை இங்கே நாம் மறக்கலாகாது. லண்டனில் மிச்சமான ஒவ்வொரு பென்சுக்குப் பின்னாலும் பரேலில் ஒரு பெண்ணின் உழைப்பும் இழப்பும் இருந்தன. அண்ணலின் பசியைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இரமாபாயின் பசியைப் பாடுவதில்லை.

1921 செப்டம்பரில் அண்ணல் ஷாகு மகாராஜாவுக்குக் கடிதம் எழுதி, 200 பவுண்டு கடன் கேட்டார். ரூபாயின் மதிப்புச் சரிந்ததால் கணக்கிட்டு வைத்திருந்த பணம் போதாமல் போயிற்று. அன்றைய மாற்று விகிதத்தில் 200 பவுண்டு என்பது 3,000 ரூபாய்; சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியராக அவர் வாங்கிய ஆறு மாதச் சம்பளத்தைவிட மிகுதி. படிப்பில் அவர் எங்கும் பின்தங்கவில்லை. அவ்வாண்டு சூனில்தான் எம்.எஸ்சி. பட்டம் பெற்றிருந்தார். அவரைத் தடுத்தது நாணய மாற்று.

தன்னைத் தடுத்த அதே நாணயத்தையே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் என்பது நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி. 1922 அக்டோபரில் அவர் அளித்த முனைவர் ஆய்வேட்டின் பொருள் ரூபாயின் சிக்கல். ரூபாயின் வெளி மதிப்பை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது. உள்நாட்டில் அது எவ்வளவு பொருள் வாங்கும் என்பதே முதன்மையானது என்று அதில் வாதிட்டார். ரூபாயின் மதிப்புக் குறைந்தால் ஏற்றுமதி வளரும், நாடு செழிக்கும் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. மதிப்புக் குறையும்போது விலைகள் முந்திக்கொண்டு ஏறும். கூலி அவற்றின் பின்னே மெல்ல நகரும். வணிகருக்குக் கிடைக்கும் அந்த இலாபம் உழைப்பாளியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே அவர் வாதத்தின் சாரம். 1925இல் இந்திய நாணயம் குறித்த அரச ஆணையத்தின் முன்னும் கூலி பெறுவோரின் நிலையை மனத்தில் கொண்டே சான்றளித்தார்.

ஆய்வேட்டில் தேர்வாளர்கள் திருத்தம் கோரினர். திருத்தி முடிக்கும் வரை லண்டனில் தங்கக் கையில் பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் டி.எஸ்சி. பட்டம் வந்தது. வழக்கறிஞர் பட்டத்தை 1922 சூனிலேயே பெற்றிருந்தும், உயர்நீதிமன்றத்தில் தொழில் நடத்தச் செலுத்த வேண்டிய பதிவுக் கட்டணத்துக்கும் பதேனாவின் உதவியையே நாட வேண்டியிருந்தது. உலகின் தலைசிறந்த கல்விக்கூடங்களில் பயின்று திரும்பியவர் கடனாளியாகவே வாழ்க்கையைத் தொடங்கினார்.

1930இல் வட்டமேசை மாநாட்டுக்காக அதே லண்டனுக்கு அவர் மீண்டும் சென்றார். உடன் சென்ற பேராளர் நம் இரட்டைமலை சீனிவாசன். இம்முறை அவர் கணக்குக் கேட்கும் இடத்தில் இருந்தார். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் ஒரு மனு அளித்தார். இந்தியப் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில ஆண்டுதோறும் 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில 1 லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும் என்பது அதிலிருந்த கோரிக்கைகளுள் ஒன்று. பட்டியல் சாதி மாணவர்க்கான நடுவண் அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியது.

நம் கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. நான் அப்பளம் தின்று படித்தேன், நீங்களும் அப்படியே படியுங்கள் என்று அண்ணல் அடுத்த தலைமுறைக்குச் சொல்லவில்லை. அந்தச் செலவைக் கணக்கிட்டு, தொகையைக் குறிப்பிட்டு, அரசின் முன் வைத்தார். ஒரு மன்னரின் கருணையாகவும் ஒரு நண்பரின் கடனாகவும் தனக்குக் கிடைத்ததை, தன் மக்களுக்கு உரிமையாக மாற்ற முயன்றார்.

இன்றைய நிலையை இதனோடு ஒப்பிடுவோம். நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கானது. அதில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்குரியவை. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனியே கிடைக்கின்றன. பிரிட்டனில் வாழ்க்கைச் செலவுக்கென வழங்கப்படுவது ஆண்டுக்கு 9,900 பவுண்டு. லண்டனில் பயிலும் மாணவரிடம் பிரித்தானிய அரசு 2025 சனவரி முதல் விசாவுக்காகக் காட்டச் சொன்ன தொகை மாதம் 1,483 பவுண்டு. 9 மாதங்களுக்கு 13,347 பவுண்டு. ஓராண்டுக்கு நம் அரசு தருவது, ஒன்பது மாதம் வாழத் தேவை என்று அந்நாட்டு அரசு அப்போது மதிப்பிட்ட தொகையைவிட 3,447 பவுண்டு குறைவு. 2025-26ஆம் ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே உதவித்தொகைக் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற விடையே கிடைத்தது. நூறாண்டுகளுக்கு முன் ஒருவர் பணத்துக்காகக் காத்திருந்த அதே இடத்தில் நம் மாணவர்கள் இன்றும் காத்திருக்கிறார்கள்.

ஆகவே நம் கல்லூரி விடுதிகளிலும் படிப்பு வட்டங்களிலும் அண்ணலின் லண்டன் வாழ்க்கையைப் பேசும்போது அந்தக் கணக்கையும் சேர்த்தே பேசுவோம். அவருடைய உறுதி நமக்கு வழிகாட்டி. அவருடைய பசி நமக்கு வழிகாட்டியன்று. அது அன்றைய அரசும் சமூகமும் அவரிடம் நியாயமின்றி வசூலித்த தொகை. அதை நம் பிள்ளைகளிடம் மறுபடி வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. உதவித்தொகை அந்தந்த நகரின் உண்மையான வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்தப்பட வேண்டும். அது உரிய நேரத்தில் கைக்கு வர வேண்டும். கிங் ஹென்றி சாலையில் நினைவில்லம் அமைத்தது நன்று. அந்த நகரில் இன்று படிக்கும் நம் பெண்ணும் பையனும் மூன்று வேளை உண்டு படிப்பதே அண்ணலுக்கு நாம் செய்யக்கூடிய அதனினும் பெரிய நினைவு.