மனித விடுதலையைப் பாடிய மகாகவி

நாட்டுப்பண் ஒலிக்கும்போது நாம் அனைவரும் அசையாது நிமிர்ந்து நிற்கிறோம். அதை இயற்றிய கவியரசர் இரவீந்திரநாத் தாகூரே, நாட்டுப்பற்று எல்லை மீறினால் மனிதனுக்கு விலங்காகிவிடும் என்று உலகை எச்சரித்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில், தேவேந்திரநாத் தாகூருக்கும் சாரதா தேவிக்கும் மகனாகப் பிறந்தார். நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட பள்ளி அவருக்குச் சிறையாகவே தோன்றியது. ஆகவே 1901இல் சாந்திநிகேதனில், மரநிழலில் அமர்ந்து பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அச்சமின்றிச் சிந்திக்கும் மனமே உண்மையான விடுதலை என்பது அவரது கொள்கை.

1905இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தபோது தாகூர் வீதியில் இறங்கினார். அக்டோபர் 16ஆம் நாள், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டிச் சகோதரராகும்படி செய்தார். அவருடைய சுதேசிப் பாடல்கள் வங்கமெங்கும் முழங்கின.

ஆனால் இயக்கம் வேகமடைந்தபோது அவர் உள்ளம் வேதனையுற்றது. அந்நியத் துணியை விற்றுப் பிழைத்த ஏழை வியாபாரிகள் மிரட்டப்பட்டனர். அவர்கள் சரக்கு நெருப்பிலிடப்பட்டது. நாட்டின் பெயரால் எளியவனை வருத்துவது எப்படி விடுதலையாகும் என்று வருந்திய தாகூர், இயக்கத்திலிருந்து விலகினார். அதனால் பலருடைய பழிச்சொல்லுக்கும் ஆளானார். இந்த வேதனையே 1916இல் நூலாக வந்த 'கரே பைரே' என்ற நாவலில் கதையாயிற்று. அதில் வரும் பிமலா என்னும் பெண், தேசபக்தி பேசும் ஒருவனின் சொல்வன்மையில் மயங்கி, இறுதியில் கண்விழிக்கிறாள்.

1913இல் நோபல் பரிசு பெற்ற தாகூரை, 1916இல் ஜப்பான் கோலாகலமாக வரவேற்றது. அங்கேயே அவர் தேசியவெறியைக் கண்டித்துப் பேசினார். அதிகாரத்துக்காகவும் ஆதாயத்துக்காகவும் மக்களை ஓர் இயந்திரமாகத் திரட்டும்போது, தனிமனிதனின் மனச்சாட்சி நசுங்கிப்போகும் என்பதே அவர் உரைகளின் சாரம். வரவேற்றவர்களில் பலர் முகம் சுளித்தனர். தோற்ற நாட்டின் கவிஞர் என்று சிலர் இகழவும் செய்தனர். எனினும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்படியானால் அவருக்கு நாட்டுப்பற்று இல்லையா? 1919 ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலா பாக்கில் நம் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆங்கிலேய அரசு 1915இல் தமக்கு அளித்த 'சர்' பட்டத்தைத் துறந்து, வைசிராய்க்குக் கடிதம் எழுதினார் தாகூர். அந்நிய அரசுக்கு அஞ்சாத அவர், சொந்த மக்களின் ஆரவாரத்துக்கும் அஞ்சவில்லை. 1921இல் நாடே இராட்டை சுற்றியபோது, ஆராயாமல் பின்பற்றுவது கூடாது என்று காந்தியடிகளுக்கே மறுப்பு எழுதினார். ஆயினும் இருவரிடையே அன்பு குறையவில்லை. 1932இல் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பை முடித்தபோது தாகூர் அருகிலிருந்து பாடினார்.

1941 ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் மறைந்தார். 1950இல் அவருடைய 'ஜன கண மன' நமது நாட்டுப்பண்ணாயிற்று. 1971இல் உதயமான பங்களாதேசமும் அவரது பாடலையே நாட்டுப்பண்ணாக ஏற்றது. தேசியத்தை ஐயுற்றவரின் பாடல்களை இரு தேசங்கள் பாடுவது வியப்பன்றோ?

வகுப்பில் பத்துப் பேர் ஒன்றைச் சொன்னால், அது தவறென்று தெரிந்தும் பதினோராவதாக நாமும் தலையசைக்கிறோம். கூட்டத்தில் தனித்து நிற்பது எவ்வளவு கடினம்! தாகூர் அப்படித் தனித்து நின்றது நாட்டை வெறுத்ததால் அன்று, நாட்டை நேசித்ததால்தான். நாமும் நம் நாட்டை நேசிப்போம். அந்த நேசத்தின் பெயரால் எந்த மனிதரும் மிதிபடாமல் காப்போம். அதுவே நம் நாட்டுப்பண்ணைத் தந்த கவிஞருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.