கச்சேரிக்கு வழி வகுத்த அரியக்குடி

எங்கள் டில்லி சபாக்களில் ஒரு வழக்கம் உண்டு. பிரதான ராகம் முடிந்து மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்தால் போதும், பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். சிலர் காண்டீனுக்குப் போவார்கள், சிலர் பஸ்ஸைப் பிடிக்கப் போவார்கள். நானும் பல வருஷங்கள் அப்படி எழுந்து போனவன்தான்.

ஒருமுறை கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தகப்பனாரைக் கச்சேரிக்கு அழைத்துப் போனேன். தனி தொடங்கியதும் வழக்கம்போல் எழுந்தேன். அவர் அசையவில்லை. மங்களம் முடிந்த பிறகுதான் கிளம்பினார். கடைசி பஸ் போய்விட்டது. ஆட்டோ கிடைக்கும்வரை அவர் பேசியதெல்லாம் ஒரே ஒருவரைப் பற்றித்தான். இளவயதில் தாம் நேரில் கேட்ட அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைப் பற்றி. அந்த மஹானின் சரித்திரத்தை நான் தேடிப் படித்தது அதற்கப்புறம்தான்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடியில் 1890-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி பிறந்தவர் ஐயங்கார். புதுக்கோட்டை மலையப்ப ஐயர், நாமக்கல் நரசிம்ம ஐயங்கார் ஆகியோரிடம் பாடம் கேட்டபின், ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்தார். பூச்சி ஐயங்காரின் குரு பட்டணம் சுப்ரமணிய ஐயர். அவருடைய குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், தியாகராஜ ஸ்வாமிகளின் நேர் சிஷ்யர். ஆக, ஸ்வாமிகளின் சிஷ்ய பரம்பரையிலேயே வந்தவர் நம் வித்வான்.

அவர் மேடைக்கு வந்த காலத்தில் கச்சேரி நாலைந்து மணி நேரம் நடக்கும். ஒரே ராகத்தையும் பல்லவியையும் நெடுநேரம் விஸ்தாரம் செய்வதுதான் வித்வத்துக்கு அளவுகோலாக இருந்தது. விஷயம் தெரிந்த சிலர் அனுபவிப்பார்கள். மற்றவர்கள் பொறுமையோடு உட்கார்ந்திருப்பார்கள். ராஜசபையிலும் கல்யாணப் பந்தலிலும் இருந்த சங்கீதம் டிக்கெட் வாங்கி வரும் சபாக்களுக்கு வந்துகொண்டிருந்த சமயம் அது. குமாஸ்தாவும் வாத்தியாரும் வக்கீலும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இவர்களை மனதில் வைத்துப் பாடியவர் அரியக்குடி. முதலில் ஒரு வர்ணம். பிறகு விறுவிறுப்பான மத்யம காலத்தில் சில கிருதிகள். அவற்றில் ஒன்றிரண்டுக்குச் சுருக்கமான ஆலாபனை, நிரவல், ஸ்வரம். அப்புறம் பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம், அளவான ராகம் தானம் பல்லவி. கடைசியில் பதம், ஜாவளி, தமிழ்ப் பாடல்கள், தில்லானா, மங்களம். இவற்றில் எதையும் அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எது எங்கே வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்ற கணக்குதான் அவருடையது. ஐந்தே நிமிஷத்தில் ஒரு ராகத்தின் முழு ஸ்வரூபத்தையும் காட்டிவிடுவார். ஆலாபனையைக் குறைத்துவிட்டார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவருக்குப் பின் வந்த பெரிய வித்வான்கள் அநேகமாக எல்லோருமே அந்தப் பாதையில்தான் நடந்தார்கள்.

பக்கவாத்தியக்காரர்களும் அந்தக் கணக்குக்குள் இருந்தார்கள். பிடிலுக்கும் மிருதங்கத்துக்கும் உரிய இடத்தை விட்டுத்தான் அவர் பாடுவார். லய மேதையான பாலக்காடு மணி ஐயர் அரியக்குடியின் சங்கீதத்தை லட்சியமாகவே கொண்டிருந்தார். கே.வி. நாராயணஸ்வாமியை 1942-ல் அவரிடம் சிஷ்யராகச் சேர்த்துவிட்டவரும் மணி ஐயர்தான்.

ஸாஹித்யத்திலும் அவருக்கு அதே சிரத்தை. 1961-ல் காரைக்குடி வட்டாரத்தில் முகாமிட்டிருந்த காஞ்சி மஹாஸ்வாமிகள் ஐயங்காரை வரவழைத்து, தீக்ஷிதரின் காம்போஜி ராகக் கிருதியான ‘ஸ்ரீ ஸுப்ரஹ்மண்யாய நமஸ்தே’யைப் பாடச் சொன்னார். பக்கவாத்தியம் கிடையாது. ஸம்ஸ்கிருதப் பதங்களைத் தப்பாகப் பிரித்துப் பாடினால் அர்த்தமே மாறிவிடும்; சரியாகப் பிரித்துப் பாடுபவரிடம் கேட்க வேண்டும் என்பது பெரியவாளின் விருப்பம். எழுபது வயதைக் கடந்த வித்வானுக்கு அதைவிடப் பெரிய சன்மானம் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டங்களும் அவரைத் தேடி வந்தன. 1938-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 1954-ல் சங்கீத நாடக அகாடமியின் ஃபெலோஷிப், 1958-ல் பத்மபூஷண். ஆனால் நம் வீடுகளில் அவர் இன்றும் வாழ்வது திருப்பாவையில்தான். ஆண்டாளின் முப்பது பாசுரங்களுக்கும் அவர் மெட்டமைத்தார். நாட்டையில் தொடங்கி சுருட்டியில் முடியும் அந்த வரிசையைத்தான் மார்கழி விடியற்காலையில் எந்த ஊரில் இருந்தாலும் நம் பெண்கள் பாடுகிறார்கள். யார் போட்ட மெட்டு என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

1967-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ஐயங்கார் காலமானார். அவரை நேரில் கேட்கும் பாக்கியம் எனக்கு இல்லை. ஒலிப்பதிவுகளில்தான் கேட்கிறேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும், இன்னும் கொஞ்சம் பாடியிருக்கலாமே என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்.

இன்று பல ஊர்களில் கச்சேரி இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஹாலைக் காலி செய்ய வேண்டிய நேரத்தைப் பார்த்துத் தனியைக் குறைக்கிறார்கள், பல்லவியை விட்டுவிடுகிறார்கள். இதற்கு அமைப்பாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரஸிகர்களான நாமே நடுவில் எழுந்து போனால், அவர்கள் யாருக்காக நேரம் ஒதுக்குவார்கள்? கேட்பவர்களின் சௌகரியத்தை நினைத்து ஒரு பெரியவர் போட்டுத் தந்த வரிசை இது. நம்மால் அது குலையக்கூடாது.

அன்றைக்கு ஆட்டோவுக்காக நின்ற இரவிலிருந்து தனிக்கு நான் எழுந்ததில்லை. மங்களம் பாடும்போது என் பக்கத்து நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கின்றன. வரும் மார்கழியில் நம் கிளைகளில் நடக்கும் கச்சேரிகளுக்கு அங்கத்தினர்கள் குழந்தைகளோடு வந்து கடைசிவரை இருந்து கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.