யார் இந்த யூஜின் ஹூட்ரி? பெட்ரோலைப் பெருக்கியவரே புகைக்கும் வழி தேடிய கதை!

கார் ரேஸ்னா உயிர். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். முதல் உலகப்போரில் டாங்கிப் படையில் காயம்பட்ட வீரர். பெட்ரோல் தயாரிப்பையே புரட்டிப்போட்ட யூஜின் ஹூட்ரி, 1892-ல் பிரான்ஸில் பிறந்தவர்.

பிரான்ஸில் எண்ணெய் வளம் குறைவு. பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க ஆலை அமைத்தார், கட்டுப்படியாகலை. அடுத்து, கச்சா எண்ணெயில் மிஞ்சும் கனமான எண்ணெய் பக்கம் திரும்பினார்.

அதை அப்போது வெறும் சூட்டில்தான் உடைத்தாங்க. ஹூட்ரி, சிலிக்காவும் அலுமினாவும் உள்ள களிமண்ணை வினையூக்கியாகப் போட்டார். பெரிய மூலக்கூறுகள் உடைந்து, கூடுதலாகவும் தரமாகவும் பெட்ரோல் கிடைத்தது.

ஒரே சிக்கல்: சில நிமிடங்களிலேயே வினையூக்கி மேல் கரி படிந்துவிடும். காற்றைச் செலுத்தி அந்தக் கரியை எரித்து, அதே வினையூக்கியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அங்கேதான் ஜெயித்தார்.

அமெரிக்கா சென்றார். 1937-ல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில், சன் ஆயில் நிறுவனம் இந்த முறையில் பெரிய ஆலையை இயக்கியது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானங்களுக்கு உயர் ஆக்டேன் எரிபொருள் பெருமளவு கிடைக்க இது உதவியது.

பெட்ரோல் பெருகியது; புகையும்தான். அது ஹூட்ரியை உறுத்தியது. வாகனப் புகையிலுள்ள நச்சை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு 1950-களில் காப்புரிமை வாங்கினார். ஆனால், அன்றைய பெட்ரோலில் கலந்த ஈயம் வினையூக்கியைச் செயலிழக்க வைத்தது.

1962-ல் ஹூட்ரி இறந்தார். ஈயமில்லா பெட்ரோலோடு கன்வெர்ட்டர் அமெரிக்க கார்களில் பரவலாக வந்தது 1975 மாடல்களில்தான். இன்று உங்க பைக் சைலன்சருக்குள் இருப்பதும் அதே ஐடியாதான்!