பத்தில் ஒன்பதைக் கொடுத்த முதலாளி



தசமபாகம் என்றதும் நம்மில் சிலருக்கு முகம் மாறிவிடும். கரண்ட் பில் போக, ஸ்கூல் ஃபீஸ் போக, வீட்டு வாடகை போக என்று கழித்துக் கழித்துப் பார்த்து, மீதியில் பத்தில் ஒன்று எடுத்து வைக்கிறோம். பத்தில் ஒன்பதைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டு ஒரு பங்கில் பிழைத்த ஒரு முதலாளியின் ஜீவியத்தை இந்த இதழில் தியானிப்போம். அவர் பெயர் ராபர்ட் கில்மோர் லெட்டூர்னோ. மலையைத் தள்ளும் இயந்திரங்களைச் செய்தவர்.

1888 நவம்பர் 30ம் தேதி அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். தாய் தகப்பன் ஜெபிக்கிறவர்கள். பிள்ளைக்குத்தான் படிப்பு ஏறவில்லை. 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போர்ட்லாந்து பட்டணத்தில் இரும்பு வார்க்கும் பட்டறையில் எடுபிடி வேலைக்குப் போனார். 16 வயதில் அங்கே நடந்த எழுப்புதல் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டார். ஆனால் பல வருஷங்கள் சபைக்கு வந்துபோகிற விசுவாசியாகத்தான் இருந்தார். வாரம் முழுக்க வேலை, ஞாயிறு ஆராதனை, அவ்வளவுதான். இது நமக்குத் தெரியாத கதையா என்ன!

1911ல் கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊரில் ஒருவரோடு பங்கு சேர்ந்து மோட்டார் ஒர்க்ஷாப் நடத்தினார். 1917ல் எவ்லின் என்ற சகோதரியை மணந்தார். முதலாம் உலக யுத்தம் வந்தது. முன்பு ஒரு விபத்தில் கழுத்தெலும்பு முறிந்திருந்ததால் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. கடற்படைத் தளத்தில் மெக்கானிக் வேலை செய்தார். யுத்தம் முடிந்து வந்து பார்த்தால் ஒர்க்ஷாப் கடனில் மூழ்கிக் கிடந்தது. பங்காளி குடிக்கு அடிமையாகிவிட்டார். லெட்டூர்னோ தலையில் விழுந்த கடன் மட்டும் ஏறக்குறைய 5000 டாலர். அந்தக் காலத்தில் அது மலை போன்ற தொகை. கையை விரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, கொடுத்துத் தீர்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்டார்.

கடனாவது பரவாயில்லை. 1919ல் அவர்களுடைய தலைச்சன் பிள்ளை கேலப் கைக்குழந்தையாகவே மரித்துப்போனான். வாலிபத் தம்பதிகள் உடைந்துபோனார்கள். ஆண்டவரே ஏன் என்று கேட்டு அழுத நேரத்தில்தான், தன் ஜீவியத்தில் தேவனுக்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தது அவருக்கு உறைத்தது. கர்த்தர் அதற்காகத்தான் பிள்ளையை எடுத்தார் என்று நாம் சொல்லத் துணிய வேண்டாம். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் அப்படிப் பேசிக் காயப்படுத்துகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. அவர் தன்னைத்தானே ஆராய்ந்து பார்த்தார், அவ்வளவே.

கடனை அடைக்க எந்த வேலை கிடைத்தாலும் செய்தார். ஒருவருடைய டிராக்டரைப் பழுதுபார்த்துக் கொடுக்கப் போனவரிடம், அந்த டிராக்டரை வைத்தே 40 ஏக்கர் நிலத்தைச் சமப்படுத்தச் சொன்னார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகிற அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1920ல் ஒரு பழைய டிராக்டரை வாங்கிச் சொந்தமாக இறங்கினார். மண்ணைச் சுரண்டி அள்ளிக்கொண்டு போகிற ஸ்கிரேப்பர் இயந்திரத்தைத் தானே பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்ய ஆரம்பித்தார்.

அவருடைய சகோதரி சீனாவில் மிஷனரியாக இருந்தவர். தன் சகோதரன் கர்த்தருக்காக என்ன செய்கிறான் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. கர்த்தருக்கு முழுவதும் ஒப்புக்கொடுப்பதென்றால் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போவதுதான் என்று நினைத்து, போதகரிடம் போனார். இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். எழுந்தபோது போதகர் சொன்னது, தேவனுக்கு வியாபாரிகளும் தேவை என்பதுதான். லெட்டூர்னோவுக்கு ஆச்சரியம். அன்றுமுதல் தேவன்தான் முதலாளி, நான் பங்காளி என்று கணக்கு எழுதத் தொடங்கினார். மத்தேயு 6:33 அவருடைய வாழ்க்கை வசனமாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் மேல்நோக்கியே போயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு வருஷம் நல்ல லாபம் வந்தது. மிஷனரி ஊழியத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கை, இந்த வருஷம் தொழிலில் போட்டால் அடுத்த வருஷம் கர்த்தருக்கு இன்னும் நிறையக் கொடுக்கலாமே என்று நிறுத்தி வைத்தார். நியாயமான யோசனை மாதிரிதானே தெரிகிறது? அதற்குப் பின்பு நெவாடா பாலைவனத்தில், ஹூவர் அணைக்குப் போகும் ரோடு வேலையில், மண் என்று நினைத்த இடமெல்லாம் கடும்பாறை. ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் கடன். நாடு முழுவதும் பஞ்சகாலம். வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம். அந்த நிலையில், காணிக்கையை நிறுத்தி வைத்ததற்காகத் தேவனிடத்தில் மன்னிப்புக் கேட்டு, இருக்கிறதோ இல்லையோ, மிஷனரி ஊழியத்துக்கு 5000 டாலர் கொடுக்கிறேன் என்று பொருத்தனை பண்ணினார்! கணக்கு எழுதுகிறவருக்குத் தலை சுற்றியிருக்கும். ஆனால் கம்பெனி பிழைத்தது. பஞ்சகாலத்திலேயே வளர்ந்தது.

1935ல் அவரும் எவ்லினும் ஒரு ஃபவுண்டேஷனை ஏற்படுத்தி, கம்பெனி லாபத்திலும் தங்கள் வருமானத்திலும் 90 சதவீதத்தைத் தேவனுடைய வேலைக்கென்று ஒதுக்கினார்கள். இதைக் கேட்டவுடனே, கொடுத்தால் நமக்கும் இப்படி வரும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். திரும்ப வரும் என்பதற்காகக் கொடுப்பது பலிக்காது என்று அவரே எச்சரித்திருக்கிறார். இன்றைக்கு டெலிவிஷனில் கேட்கிற சில பிரசங்கங்களை நினைத்தால், அந்த எச்சரிப்பு நமக்கு மிகவும் தேவை.

தொழிலில் அவர் செய்தது கொஞ்சமல்ல. மண் அள்ளும் இயந்திரங்களுக்கு இரும்புச் சக்கரத்தை எடுத்துவிட்டுக் காற்றடைத்த ரப்பர் டயர் மாட்டினார். சக்கரத்துக்குள்ளேயே மின்சார மோட்டாரை வைத்தார். ஏறக்குறைய 300 காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாயின. பெரிய படிப்பு இல்லாத மனுஷன், பாருங்க! இரண்டாம் உலக யுத்தத்தில் நேச நாட்டுப் படைகள் பயன்படுத்திய மண்வேலை இயந்திரங்களில் சுமார் 70 சதவீதம் அவருடைய தொழிற்சாலைகளில் செய்தவை. 1953ல் அந்தத் தொழிலை விற்றுவிட்டார். ஓய்வெடுக்கிற வயதில், கடலில் காலூன்றி நின்று எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையைச் செய்து கொடுத்தார். 1956ல் அதை வாங்கிய கம்பெனியின் தலைவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ்.

வார நாளில் தொழிற்சாலை, வாரக் கடைசியில் விமானம் ஏறி ஊர் ஊராகச் சாட்சி. தொழிற்சாலைகளிலும் ஆராதனை நடத்த ஊழியர்களை வைத்திருந்தார். 1946ல் டெக்சாஸில் லாங்வியூ என்ற ஊரில், மூடப்பட்ட ராணுவ ஆஸ்பத்திரியை அரசாங்கத்தினிடம் பெயரளவுக்கு 1 டாலர் விலைக்கு வாங்கி, யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபருக்குத் தொழிற்பள்ளி ஆரம்பித்தார். பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் வேலை. அதுதான் இன்று லெட்டூர்னோ பல்கலைக்கழகம்.

தோல்வியும் உண்டு. 1950களில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலும், தென்னமெரிக்காவின் பெரு தேசத்திலும் காட்டைத் திருத்தி விவசாயம், பள்ளி, சுவிசேஷம் எல்லாம் சேர்த்துக் குடியிருப்புகளை உண்டாக்கப் போனார். பெருவில் 50 கிலோமீட்டர் ரோடு போட்டுக் கொடுத்தால் ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர் நிலம் என்று ஒப்பந்தம். பணம் தண்ணீராய்ச் செலவாயிற்று. இரண்டும் அவர் நினைத்தபடி நிலைக்கவில்லை. அத்தனை பெரிய காட்டை இயந்திரம் விட்டு நசுக்கியது சரிதானா என்றும் இன்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் லாபம் கிடைக்காத இடத்தைத் தேடிப்போன முதலாளிகள் எத்தனை பேர்?

இதிலெல்லாம் எவ்லின் அம்மாவின் பங்கை நாம் மறக்கவே கூடாது. தலைச்சனைப் பறிகொடுத்த அந்தத் தாய், தன் பிள்ளைகளை வளர்த்ததோடு, அந்தத் தொழிற்பள்ளி மாணவர்களுக்கும் அம்மாவாக இருந்தார். லெட்டூர்னோ 1969 ஜூன் 1ம் தேதி தமது 80ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த வருஷம் அமெரிக்காவின் சிறந்த தாயாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அவருடைய மனைவி எவ்லின்.