சந்தோஷத்தைப் பிரசங்கித்தவரும் வீனஸ் என்ற சிறுமியும்

அமெரிக்காவில் வளரும் நம்ம பிள்ளைகளில் சிலருக்கு ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்றால் நரகத்தைக் காட்டி மிரட்டிய போதகர். 1741இல் என்ஃபீல்டு ஊரில் அவர் செய்த பிரசங்கம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் வருவதால் வந்த பெயர் அது. ஆனால் மனுஷன் வாழ்நாள் முழுக்க அதிகம் யோசித்தது சந்தோஷத்தைப் பற்றித்தான்.

1703இல் கனெக்டிகட்டில் ஒரு போதகர் வீட்டில் பிறந்தார். யேலில் படித்துவிட்டு, மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் சபைக்குப் போதகரானார். தேன் இனிக்கும் என்று தெரிந்திருப்பது வேறு, நாக்கில் வைத்துப் பார்ப்பது வேறு. கடவுள் விஷயமும் அப்படித்தான் என்றார். கடவுளில் மகிழ்வதும் அவரை மகிமைப்படுத்துவதும் அவருக்கு இரண்டு வேலை இல்லை. கடமைக்குக் கோயிலுக்குப் போய் வருகிற நமக்கு இது உறைக்கத்தான் செய்கிறது.

1734-35இல் அவர் ஊரில் பெரிய எழுப்புதல். ஊரே பூரித்துக் கிடந்த நேரத்தில், மனச்சோர்வில் தவித்த அவருடைய தாய்வழி உறவினர் ஜோசப் ஹாலி 1735 ஜூனில் உயிரை மாய்த்துக்கொண்டார். எழுப்புதலும் அடங்கியது. சந்தோஷம்தான் விசுவாசத்தின் அடையாளம் என்றால், அது வராதவர் எங்கே போவார்?

1746இல் எழுதிய புத்தகத்தில் எட்வர்ட்ஸே ஒரு அளவுகோல் தந்தார். உணர்ச்சி பொங்குவது மட்டும் சாட்சி ஆகாது, வாழ்க்கையில் தெரியணும்.

அதே அளவுகோலை அவர் மேலேயே வைத்துப் பார்ப்போமே. 1731இல் நியூபோர்ட் போய், வீனஸ் என்ற சுமார் 14 வயது கறுப்பினச் சிறுமியை 80 பவுண்டுக்கு வாங்கி வந்தவர் அவர். பின்னாளில் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்து வரும் வியாபாரத்தைக் கண்டித்தார். ஆனால் அடிமை வைத்திருப்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல அவர் மகனும் சீடர் சாமுவேல் ஹாப்கின்ஸும் வர வேண்டியிருந்தது.

திருவிருந்தில் யார் பங்கெடுக்கலாம் என்ற தகராறில் 1750இல் சபை அவரை வெளியே அனுப்பியது. ஸ்டாக்பிரிட்ஜில் பூர்வகுடி மக்களிடையே ஊழியம் செய்தார். 1758இல் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவரான கொஞ்ச நாளில், அம்மை வராமலிருக்கப் போட்ட ஊசியே எமனாகி 54 வயதில் இறந்தார்.

அவர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. கடவுளில் சந்தோஷம் தேடுவது நல்லதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடிவிட்டு வெளியே வரும்போது, பக்கத்தில் ஹாலி போல ஒருவர் வாடி நிற்கிறாரா, நம்ம வீட்டில் வேலை செய்பவரை எப்படி நடத்துகிறோம் என்றும் பார்த்துக்கொள்வோம். அந்தப் பாட்டு நிஜமா இல்லையா என்று அங்கேதான் தெரியும்.