நிக்சன் கையொப்பமிட்ட சட்டங்கள்

ரிச்சர்ட் நிக்சன் என்றதும் நினைவுக்கு வருவது வோட்டர்கேட் ஊழல்தான். ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதிகளில் பதவியை இராஜினாமாச் செய்தவர் அவர் ஒருவரே. ஆனால் அந்நாட்டுச் சமஷ்டி அரசின் சூழல் சட்டங்களைப் புரட்டினால், முக்கியமான பலவற்றின் அடியில் இருப்பதும் அவரது கையொப்பமே. இத்தனைக்கும் சூழல் விடயத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை.

1913 இல் கலிபோர்னியாவின் யோர்பா லிண்டாவில் பிறந்தார். தந்தையின் எலுமிச்சைத் தோட்டம் நொடித்துப்போனது. விட்டியர் நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எரிபொருள் நிரப்பு நிலையமும் பலசரக்குக் கடையும் நடத்திப் பிழைத்தது. சட்டம் படித்தார். 1946 இல் காங்கிரஸுக்குத் தெரிவானார். ஐசன்ஹோவரின் கீழ் எட்டு ஆண்டுகள் உப ஜனாதிபதியாக இருந்தார். 1960 இல் கென்னடியிடம் தோற்று, 1968 இல் வென்றார்.

பதவியேற்ற எட்டாம் நாள், 1969 ஜனவரி 28 அன்று, அவரது சொந்த மாநிலத்தின் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்தது. எண்ணெய் தோய்ந்து இறந்த பறவைகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜூனில் ஒஹாயோவின் குயாஹோகா ஆற்றில் மிதந்த கழிவு தீப்பற்றியது. மக்களின் கோபம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை நிக்சன் கணித்துவிட்டார். அந்தக் கணிப்பில் அவரை வெல்ல ஆளில்லை.

1970 ஜனவரி 1 அன்று தேசிய சூழல் கொள்கைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பெருந்திட்டம் எதையும் தொடங்குமுன் அதன் பாதிப்பை ஆராய்ந்து பகிரங்கப்படுத்த வேண்டிய கடமை சமஷ்டி நிறுவனங்களுக்கு வந்தது. இலங்கையில் இன்று கோரப்படும் சூழல் தாக்க மதிப்பீட்டின் மூலமும் அதுவே. ஏப்ரல் 22 இல் முதலாவது பூமி தினத்துக்குச் சுமார் 2 கோடிப் பேர் திரண்டார்கள். டிசெம்பரில் சூழல் பாதுகாப்பு முகவரகம் இயங்கத் தொடங்கியது. அம்மாதக் கடைசி நாளில் தூய காற்றுச் சட்டம் கையொப்பமானது. அதற்காக அதிகம் உழைத்த செனட்டர் மஸ்கிக்கு அந்த நிகழ்வுக்கு அழைப்பில்லை. அடுத்த தேர்தலில் அவர் போட்டியாளராக வரக்கூடும் என்ற பயம்!

நிக்சனின் உள்மனதைக் காட்டியது அவரே பொருத்திய ஒலிப்பதிவுக் கருவி. 1971 இல் ஃபோர்ட் நிறுவனத் தலைவர்களுடன் பேசும்போது, சூழல் ஆர்வலர்களை நாட்டின் அமைப்பையே அழிக்க முனைபவர்களாகச் சித்திரித்தார். 1972 ஒக்டோபரில், செலவு அதிகம் என்று தூய நீர்ச் சட்டமூலத்தை வீட்டோ செய்தார். மறுநாளே காங்கிரஸ் அந்த வீட்டோவை முறியடித்தது. விடாமல், ஒதுக்கப்பட்ட நிதியில் பாதிக்கும் குறைவாகவே கொடுக்க உத்தரவிட்டார். நியூயோர்க் நகரம் வழக்குத் தொடுத்தது. அப்படிப் பணத்தைப் பிடித்துவைக்கச் சட்டம் இடமளிக்கவில்லை என்று 1975 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் பதவியில் இல்லை.

முகவரகத்தின் முதல் தலைவராக அவர் நியமித்த வில்லியம் றக்கல்ஸ்ஹவுஸும் சொன்னதையெல்லாம் செய்கிறவராக இருக்கவில்லை. 1972 இல் டி.டி.ரி. பூச்சிகொல்லியின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தார். பின்னர் பிரதி சட்டமா அதிபரானபோது, வோட்டர்கேட் விசாரணையாளரை நீக்க மறுத்து, 1973 ஒக்டோபரில் பதவியிழந்தார். அவ்வாண்டு டிசெம்பரில், தன் பதவியே ஆட்டங்கண்டிருந்த வேளையில், அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தில் நிக்சன் கையொப்பமிட்டார். 1974 ஓகஸ்ட் 9 இல் பதவி விலகினார்.

இன்னொன்றும் உண்டு. 1969 செப்டெம்பரிலேயே அவரது ஆலோசகர் மொய்னிகன், காபனீரொட்சைட்டு பெருகுவதால் பூமி சூடாகிக் கடல்மட்டம் உயரலாம் என்று வெள்ளை மாளிகைக்குள் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அதன்பேரில் சட்டம் எதுவும் பிறக்கவில்லை. ஆனால் 2007 இல், தூய காற்றுச் சட்டம் சொல்லும் மாசுகளுக்குள் பச்சைவீட்டு வாயுக்களும் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிக்சன் இறந்து அப்போது 13 ஆண்டுகள். அவர் இறந்தது 1994 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று.